இன் விட்ரோ: இதில் 'செயற்கை' எங்கிருந்து வந்தது?

முகப்பூச்சோ பூச்சிக்கொல்லியோ, ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்பை விலங்குகளின்றிச் சோதித்தார்கள் என்று தமிழில் எழுதப் புகுந்தால் 'செயற்கை முறைச் சோதனை' என்ற தொடர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. செய்தியில் பார்த்தேன், விளம்பரத்தில் பார்த்தேன், கடைசியில் ஒரு பாடக் குறிப்பிலும் பார்த்துவிட்டேன். மூலத்தில் இருப்பது 'இன் விட்ரோ'. அதில் செயற்கை என்ற பொருள் ஒரு துளியும் இல்லை.

சொல் லத்தீன். 'விட்ரம்' என்றால் கண்ணாடி, 'இன் விட்ரோ' என்றால் கண்ணாடியில். எதிர்ச்சொல் 'இன் விவோ', அதாவது உயிருள்ள உடலில். வீட்டுத் தரையில் பதிக்கும் விட்ரிஃபைட் டைல்ஸுக்கும் இதே வேர்தான். பிறப்பு வரலாறு அவ்வளவே.

'செயற்கை' ஒட்டிக்கொண்டது கருத்தரிப்பு வழியாக இருக்க வேண்டும். 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்த பிறகு 'சோதனைக் குழாய்க் குழந்தை', 'செயற்கைக் கருத்தரிப்பு' என்ற சொற்கள் நம்மிடையே பரவின. அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. இயற்கையாகக் கருத்தரிப்பது என்று ஒன்று இருக்கிறது. நச்சுத்தன்மைச் சோதனையில் 'இயற்கைச் சோதனை' எது? 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸும் உடனிருந்தவர்களும் வகுத்த முறைப்படி, முயலை அசையவிடாமல் நிறுத்தி ஒரு கண்ணில் பொருளை இட்டு, நாள்கணக்கில் சிவப்பையும் வீக்கத்தையும் பார்த்து மதிப்பெண் போட்டார்களே, அதுவா இயற்கை?

தோல் எரிச்சலுக்கான இன்றைய சோதனையைப் பாருங்கள். பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 439ஆம் சோதனை வழிகாட்டி சொல்வது இது: மனிதத் தோல் செல்களை வளர்த்து மேல்தோல் அடுக்காக்கி, அதன்மேல் வேதிப்பொருளை இட்டுக் கழுவி, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிறார்கள். உயிரோடிருக்கும் செல்கள் அதை நீலமாக மாற்றும். பிழைத்தவை 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் பொருள் எரிச்சலூட்டி. செல் மெய், மனிதனுடையது, பொருள் மெய், சாவும் மெய். இதைச் 'செயற்கை' என்றதும் வாசகர் காதில் 'போலி' என்றுதான் விழுகிறது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதற்கு இந்தியா 2014இல் தடை விதித்தது. அந்தத் தடையை நியாயப்படுத்தும் முறைகளையே போலி என்று சொல்லாமல் சொல்கிறோம்.

'ஆய்வகச் சோதனை' என்பார் உண்டு. எலிக்கூண்டு மட்டும் எங்கே இருக்கிறதாம், சந்தையிலா? 'உடலுக்கு வெளியே' என்பது இன்னும் சிக்கல். இறைச்சிக் கூடத்திலிருந்து மாட்டுக் கண்ணை எடுத்துவந்து விழிவெண்படலம் மங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை 'எக்ஸ் விவோ', அதாவது உயிருடலுக்கு வெளியே, என்று தனியாகவே சொல்வார்கள். அந்தப் பெயர் அதற்கு வேண்டும். 'மாற்றுச் சோதனை' என்று மொத்தமாக முடிப்பவர்களுக்கு ஒரு சொல்: 'மாற்று மருத்துவம்' கேட்டுப் பழகிய காதுக்கு அது நிரூபிக்கப்படாதது என்ற வாடையோடு வரும்.

அப்படியானால் 'கண்ணாடிச் சோதனை'யா? மூக்குக் கண்ணாடிக் கடை நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும். இன்று கண்ணாடியே இல்லை. செல் வளர்ப்புத் தட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அது சும்மாவும் இருப்பதில்லை. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தபோது, அவற்றைப் பெருகவைக்கும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோனைச் சேர்க்காத இடத்திலும் செல்கள் பெருகின. தேடிப் பார்த்தால் பிளாஸ்டிக் குழாயிலிருந்து, ஈஸ்ட்ரஜனைப் போலவே வேலை செய்யும் நோனைல்ஃபீனால் என்ற வேதிப்பொருள் கசிந்திருந்தது. 1991இல் அதை வெளியிட்டார்கள். பண்பில்லாதவன் பெற்ற செல்வத்துக்கு 'நன்பால் கலந்தீமை யால்திரிந் தற்று' என்று வள்ளுவர் உவமை சொன்னார். பால் நல்லது, கலம் கெட்டது. இந்த ஆய்வாளர்கள் எதிர்கொண்டதும் கலந்தீமைதான்.

எனக்குக் 'கலச் சோதனை' போதும். உண்கலம், மட்கலம் என்று ஏனத்துக்கு வழங்கும் பழைய சொல் அது; கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று கேட்காது. இலங்கைப் பாடநூல்களில் உயிரணுவுக்கும் 'கலம்' என்றே பெயர். ஏனமும் உயிரணுவும் ஒரே சொல்லில் கூடும் வாய்ப்பு லத்தீனுக்கே கிடைக்கவில்லை. உயிரணுவே இல்லாமல், புரதத் துணுக்கோடு பொருள் வினைபுரிகிறதா என்று மட்டும் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையும் உண்டு. அதற்கு 'இன் கெமிக்கோ' என்று வேறு பெயர் இருக்கிறது, 'வேதிவினைச் சோதனை' என்று பிரித்துக்கொள்ளலாம். 'இன் சிலிகோ'வுக்குக் 'கணினிவழி' ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது. 'இன் விவோ'வுக்கு மட்டும் 'உடற்சோதனை' வேண்டாம், விமான நிலையத்தில் நடப்பது அது. 'உயிருடற் சோதனை' என்று நீட்டிச் சொல்லலாம்.

நெல்லளவும் கலம்தானே, குழப்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். தோல் எரிச்சலைப் பற்றிப் படிப்பவர் நெல் மூட்டையை நினைக்கமாட்டார். கலம் பிடிக்காவிட்டால் 'இன் விட்ரோ' என்றே தமிழெழுத்தில் எழுதுங்கள். 'செயற்கை'யைச் செயற்கை இழைக்கும் செயற்கைப் பல்லுக்கும் விட்டுவிடுங்கள்.