டி.பி. தட்டில் ஒட்டிப் பரவுவதில்லை

காசநோய் என்று உறுதியானதும் வீட்டார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், தட்டு, தம்ளரை எல்லாம் தனியாக வைத்துவிடலாமா?" நோயாளி மருமகளாக இருந்தால் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?"

இரண்டும் வேண்டாம். நெஞ்சக நோய் மருத்துவனாக நான் அலுக்காமல் சொல்லிவரும் பதில் இது.

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் நுண்ணிய திவலைகள் வெளியேறுகின்றன. பெரியவை தரையில் விழுந்துவிடும். அவற்றால் பெரிய ஆபத்தில்லை. மிகச் சிறியவைதான் ஈரம் உலர்ந்து, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களாகி, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுப் பைகள் வரை போய்ச் சேரக்கூடியவை இவை மட்டுமே. தட்டில் ஒட்டிய எச்சிலுக்கு அந்தப் பாதை கிடையாது. ஆனால், தட்டைத் தனியாக வைக்கிற அதே வீட்டில், கொசு வருகிறது என்று ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, ஆறு பேர் ஒரே அறையில் படுத்திருப்பார்கள்.

உள்ளே போன கிருமியை முதலில் எதிர்கொள்பவை காற்றுப் பைகளில் காவலிருக்கும் விழுங்கணுக்கள். வேறு பல கிருமிகளை இவை விழுங்கிச் செரித்துவிடும். காசநோய்க் கிருமி அந்தச் செரிமானத்தைத் தடுத்துவிட்டு, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கக் கற்றிருக்கிறது. சில வாரங்களில் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த 'டி' அணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றின் தூண்டுதலில் விழுங்கணுக்கள் வலுப்பெற்று, கிருமிகளைச் சுற்றி அடுக்கடுக்காகக் கூடி, ஒரு சிறு கட்டியாகச் சிறைவைக்கின்றன. கிருமி சாகாமல், வளரவும் முடியாமல், பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கலாம். கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறுகிறது.

அந்தச் சிறைச்சுவரைத் தளர்த்துபவை எவை? எச்.ஐ.வி. தொற்று, ஊட்டச்சத்துக் குறைவு, புகை, மது, மூட்டுவாதத்துக்குத் தரப்படும் சில நவீன ஊசிகள். நம்மூரில் இவற்றோடு சேர்த்து அழுத்திச் சொல்ல வேண்டியது சர்க்கரை நோய். அது காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு, மூன்று மடங்காக்குகிறது. டி.பி. என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வது இதனால்தான்.

இந்தக் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில அரை மணிக்குள் இரட்டித்துவிடும். அதனால் டி.பி. தடாலடியாக வருவதில்லை. மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, தளரும் ரவிக்கை அல்லது பெல்ட், விடாத இருமல். "சூட்டு இருமல்", "பீடி இருமல்" என்று பெயர் வைத்து வீட்டில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. மருந்துக்கடையில் வாங்கிப் போடும் சிலவகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கிருமியை அரைகுறையாக அமுக்கி, நோயைக் கண்டுபிடிப்பதை இன்னும் தள்ளிப்போடும். நோய் மற்றவர்களுக்குப் பரவுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். நோய் பெயர் தெரிந்து, சரியான மாத்திரை தொடங்கிவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படும் வகைக் கிருமியாக இருக்கும்வரை, பரப்பும் திறன் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். அதாவது, தட்டைப் பிரிக்கும் நாளில் ஆபத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கடந்துபோயிருக்கும்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமல்ல, சென்னையிலேயே நிரூபிக்கப்பட்டது. ஒரு காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் மருத்துவமனையில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அதன் மிச்சம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒன்று, நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியத்திலும் மறு பிரிவினரை நெரிசலான தங்கள் வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இரண்டும் குறைவு. 1959-ல் வெளியான முடிவில் வீட்டு சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்திருந்தது. வீட்டிலிருந்த உறவினர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகமே இதைப் பின்பற்றி சானடோரியங்களைக் கைவிட்டது. அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இன்றிருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நம் வீடுகளில் மட்டும் தட்டு இன்னும் தனியாக இருக்கிறது.

வீட்டார் உண்மையில் செய்ய வேண்டியவை வேறு. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேண்டும். நோயாளி முதல் சில வாரங்கள் மாஸ்க் அணியட்டும், காற்றோட்டமான இடத்தில் படுக்கட்டும். வீட்டிலுள்ள மற்ற அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை. அவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதியானாலும் தடுப்பு மருந்து தேவைப்படும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி மூளையைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து குழந்தைகளைக் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுப்பதில் அதை நம்பியிருக்க முடியாது.

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாவது மாதத்தில் பசி திரும்பி, இருமல் நின்று, "சரியாகிவிட்டது" என்று தோன்றும்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மெதுவாக வளரும் மிச்சக் கிருமிகள் அப்போதும் உள்ளே இருக்கும். மருந்துக்கு அடங்காத வகைகளும் அவற்றிலிருந்து உருவாகலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசின் மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.