கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

"லினக்ஸில் லைட்டிஎம் (LightDM) என்ற லாகின் மேனேஜரை நிறுவினேன். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறேன். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரைக்கே வந்துவிடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிறுவுவதில் பெரிய வேலை இல்லை. லாகின் மேனேஜர் என்பது லாகின் திரையைக் காட்டி, உங்களை உள்ளே விடும் நிரல். லைட்டிஎம், ஜிடிஎம், எஸ்டிடிஎம் எதுவானாலும் நிறுவிவிட்டு, கணினி தொடங்கும்போது அதை இயக்கும்படி, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் சொன்னால் போதும். இந்த வகை நிரல்களின் முன்னோடியான எக்ஸ்டிஎம் 1988-லேயே வந்துவிட்டது.

கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலை பேம் (PAM) என்ற நிரல் நூலகத்துடையது. தவறாக அடித்திருந்தால் அங்கேயே பிழைச் செய்தி வந்திருக்கும். வாசகருக்கு அது வரவில்லை. ஆக, கதவு திறந்துவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்த படியில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தப் படிதான். லாகின் மேனேஜர் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனரின் பெயரில், ஓடும் நிரல். அது தன்னைப் போலவே ஒரு பிள்ளைச் செயலியை, அதாவது தனியாக ஓடும் தன் நகலை, உருவாக்குகிறது. பிறக்கும்போது அந்தப் பிள்ளையும் ரூட்தான். பிறகு அது தன் அதிகாரத்தைத் தானே கழற்றுகிறது. முதலில் நீங்கள் சேர்ந்துள்ள பயனர் குழுக்களின் எண்களை ஏற்கிறது, அப்புறம்தான் உங்கள் பயனர் எண்ணை. வரிசை மாறக்கூடாது. பயனர் எண்ணை முதலில் மாற்றிக்கொண்டால், குழுக்களை மாற்றும் உரிமை அதே நொடியில் போய்விடும். ரூட்டின் குழுக்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். எண் மாறியபின் அந்தச் செயலியால் மறுபடி ரூட்டாக முடியாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! அதன்பின் அது உங்கள் டெஸ்க்டாப்பாக உருமாறுகிறது. நீங்கள் திறக்கும் நிரல்களும் பொதுவாக அதே எண்ணோடுதான் ஓடும்.

இனி வாசகரின் சிக்கல். லைட்டிஎம் வழக்கமாக உங்கள் ஹோம் அடைவில், அதாவது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தில், எக்ஸ்அத்தாரிட்டி (.Xauthority) என்ற மறைகோப்பை எழுதும். வரைகலைத் திரையைப் பயன்படுத்துவதற்கான அனுமதி அதில்தான் இருக்கும். எப்போதாவது சுடோ (ரூட்டின் அதிகாரத்தோடு இயக்கும் கட்டளை) போட்டு வரைகலை நிரலை இயக்கும்போது அந்தக் கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறிவிடுவதுண்டு. அதிகாரத்தைக் கழற்றிய பிள்ளையால் அதில் எழுத முடியாது. டெஸ்க்டாப் எழ முடியாமல் விழுகிறது, லாகின் திரை திரும்புகிறது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரையில் நுழையுங்கள். அந்த எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் யாரென்று பாருங்கள். ரூட் என்றிருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்; அப்போதும் இதே அறிகுறிதான்.

எது நடந்தாலும் "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவு" என்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஹோம் அடைவை வைத்துக்கொண்டு மறுபடி நிறுவினால், ரூட்டின் பெயரிலுள்ள அந்தக் கோப்பும் அப்படியேதான் இருக்கும்.