மெய்நிகர் ஆய்வகம்: புவித்தகவல் பாடத்தில் இச்சொல்லின் பொருள்

கற்பவர் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் செல்லாமல், இணைய உலாவி வழியே சோதனைகளைச் செய்து பார்க்கும் பயிற்சிக்களமே மெய்நிகர் ஆய்வகம். 'வெர்ச்சுவல் லேப்' என்பதற்கு ஈடாகத் தமிழில் இச்சொல் நிலைபெற்றுவிட்டது.

'வெர்ச்சுவல்' என்பதன் வேர், ஆற்றலைக் குறிக்கும் 'விர்ட்டூஸ்' என்ற இலத்தீன் சொல். வடிவத்தில் இல்லாவிடினும் பயனளவில் உள்ளது என்பதே அதன் பழைய பொருள். மெய்க்கு நிகரானது என்னும் தமிழாக்கம் அப்பொருளைச் சரியாக ஏந்துகிறது. சிலர் எழுதும் 'மாய ஆய்வகம்' பொருந்தாது; மாயம் என்றதும் பொய்த்தோற்றம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இடம்சார்ந்த தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமையைக் (ஜிஐஎஸ்) கற்பிக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. வேதியியலின் மெய்நிகர் ஆய்வகத்தில் குடுவையும் அமிலமும் வெறும் படங்கள். இங்கோ, 1960களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக ராஜர் டாம்லின்சன் இம்முறைமையை உருவாக்கிய காலந்தொட்டே, கணினிதான் கருவி. ஆகவே உலாவியில் மாணவர் கையாளும் வரைபட அடுக்குகளும் கணக்கீடுகளும் அலுவலகத்தில் வல்லுநர் கையாள்பவற்றின் போலிகள் அல்ல.

ஓர் ஆற்றின் இருபுறமும் 500 மீட்டருக்கு வெள்ள எச்சரிக்கைப் பட்டை வரைவது பயிற்சி என்று கொள்வோம். தரவு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்க, அடுக்கின் அலகிலேயே கணக்கிடும் கருவியில் மாணவர் 500 என்று உள்ளிட்டால், அது 500 பாகையாகிவிடும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், பட்டை உலகப்படம் முழுவதையும் மூடிவிடும். அடுக்கை மீட்டர் அலகுள்ள யுடிஎம் என்னும் ஆயத்தொலைவு முறைக்கு மாற்றி, அதே எண்ணை மீண்டும் இட்டால் பட்டை ஆற்றங்கரையோடு ஒட்டி நிற்கும். ஆயத்தொலைவு முறை ஏன் வேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த ஒரு பிழை நன்றாகப் புரியவைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜிஐஎஸ் என்ற பெயரின் ஈற்றிலுள்ள 'சிஸ்டம்' என்பதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'அமைப்பு' என்றும், இலங்கையில் 'முறைமை' என்றும் எழுதுகிறார்கள். நிறுவனத்தையும் 'அமைப்பு' என்றே சொல்வதால், 'முறைமை' குழப்பமில்லாதது.

'நிகர்' என்ற சொல்லுக்கு எல்லையும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் வயலென வகைப்படுத்திய இடம் வயல்தானா, புல்வெளியா என்பதை ஜிபிஎஸ் கருவியோடு அங்கே சென்று பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். அந்தக் களச் சரிபார்ப்பு மெய்நிகர் ஆய்வகத்துக்குள் அடங்காது.