"நல்லா இருக்கேன்" என்பவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்

மழை விட்ட ஒரு மாலை நேரம், அலுவலகத்தைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மஞ்சப்பையோடு ஓர் அம்மா வந்தார். பையில் ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு படம், ஊர்த் திருவிழா நோட்டீஸ் ஒன்று. கணவர் சவுதியில் இருக்கிறார், மூணு நாளா போன் எடுக்கலை என்றார். அவருடைய பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. கம்பெனி பெயர்? தெரியாது, "ரியாத் பக்கம்" என்பது மட்டும் தெரியும். அப்புறம் எதற்கு அந்த நோட்டீஸ் என்று புரியாமல் பிரித்துப் பார்த்தேன். நன்கொடையாளர் பட்டியலில் கணவர் பெயர் இரண்டாவதாக இருந்தது, பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் "சவுதி அரேபியா". கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் இருந்த ஒரே அச்சடித்த ஆதாரம் அதுதான்.

திருச்சியில் வழக்கறிஞராக இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பவர்களின் குடும்பத்தினர். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், திருவாரூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே கதைதான், நாடும் சம்பளமும்தான் மாறும். சட்டம் தெரியாததால் கெட்டவர்களைவிட, கஷ்டத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் காலத்தைக் கடத்திக் கெட்டவர்கள்தான் அதிகம் என்பது இத்தனை வருஷத்தில் நான் பார்த்து உணர்ந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் கணவரை ஒரு வாரம் கழித்துத் தொடர்புகொள்ள முடிந்தது. விஷயம் இதுதான். கட்டட வேலைக்குப் போன கம்பெனி ஐந்து மாதம் சம்பளம் தரவில்லை. வெளியே வந்து வேறு இடத்தில் தினக்கூலி வேலை பார்த்தார். கம்பெனிக்காரர் அவர் மேல் 'ஹுரூப்' போட்டுவிட்டார், அதாவது ஓடிப்போனவர் என்று அரசிடம் பதிந்துவிட்டார். ஹுரூப் விழுந்தால் இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, செல்லாது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், ரோட்டில் நடக்கப் பயம், ஊருக்கு வர எக்ஸிட் அனுமதியும் சுலபத்தில் கிடைக்காது. இதெல்லாம் நடந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. சவுதி தொழிலாளர் சட்டப்படி வேலை முடிந்த 12 மாதத்துக்குள் பாக்கிச் சம்பளத்துக்கு வழக்குப் போட வேண்டும், கடந்துவிட்டால் தகுந்த காரணம் காட்டாமல் எடுக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் தவறிப்போனது.

ஏங்க இத்தனை நாள் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "தங்கச்சி கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு சார், மாப்பிள்ளை வீட்ல அண்ணன் சவுதியில இருக்காருன்னுதான் சம்மதிச்சாங்க" என்றார். அந்தப் பதினாலு மாதமும் ரூமில் உள்ளவர்களிடம் கடன் வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். திருவிழா நன்கொடையும் கடன்தான்.

வெளிநாட்டில் இருப்பவரைப் பற்றி நம் ஊரில் ஒரு படம் இருக்கிறது. வாசனைத் திரவியம், கோடாலித் தைலம், கயிறு கட்டிப் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி, மாடி வீடு. பத்திரிகையிலும் பிளக்ஸிலும் பெயருக்குப் பின்னால் நாட்டின் பெயர் பட்டம் மாதிரி வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படத்தை அவர்களும் சேர்ந்துதான் வரைகிறார்கள், மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவில் யாருடைய காருக்கோ பக்கத்தில் நின்று எடுத்த போட்டோதான் ஸ்டேட்டஸில் வரும், எட்டுப்பேர் படுக்கும் கேம்ப் ரூம் ஒருநாளும் வராது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள், அதில் 7 பேர் தமிழர்கள். செய்தியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்த பிறகுதான் "என் மகனும் இப்படி ஒரு இடத்துலதான் படுக்கிறானா" என்று என்னிடம் போனில் கேட்டார் ஒரு தகப்பனார். மகன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

உலக வங்கிக் கணக்குப்படி 2022-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 11,100 கோடி டாலர். ஒரே ஆண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டிய முதல் நாடு நாம்தான். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில், ரூமில் வாங்கிய கடனை வீட்டுக்கு அனுப்பிய என் கட்சிக்காரரின் பணமும் இருக்கிறது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர். 2020-ல் அவர் அமெரிக்கத் துணை அதிபராகத் தேர்வானபோது அங்கே பிளக்ஸ் வைத்துக் கோலம் போட்டு வெடி வெடித்தார்கள். அதே மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். மலேசியாவில் விசா முடிந்து பிடிபட்டுத் தடுப்பு முகாமில் இருந்த மகனை அழைத்து வர வேண்டும், ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது. "லீவுல வந்திருக்கான்னு சொல்லிக்கிறேன் சார், பேப்பர்ல மட்டும் வந்துறக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். உச்சிக்குப் போனவரை எத்தனை தலைமுறை கடந்தாலும் நம்மவர் என்கிறோம், கீழே விழுந்தவரை ஒரே நாளில் அந்நியராக்கிவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியபோது "நாட்டு மானத்தையே வாங்கிட்டாங்க" என்று படித்தவர்களே சொன்னார்கள். நிலத்தை விற்ற பணத்தை அவர்களிடம் வாங்கிக்கொண்டு காட்டு வழியில் அனுப்பிய ஏஜென்டை ஏன் யாரும் அப்படிச் சொல்லவில்லை?

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன், என்னிடம் வரும் வழக்குகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இது. பலர் இதை ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்த அனுமதிக்காகத்தான் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு வெறும் 275 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். என்னிடம் வருபவர்கள் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்திருப்பார்கள், கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிமம் உள்ள ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவான்.

"டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். விசிட்டில் போகிறவர் அரசின் கணக்கில் சுற்றுலாப் பயணி. ஒப்பந்தப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை, சம்பளம் கேட்டு நின்றால் முதல் குற்றவாளி அவரே. இப்படிப் போன ஒரு பையனை மறக்கவே முடியவில்லை. இன்ஜினியரிங் முடித்தவன். 2022-ல் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லையைத் தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்திவிட்டார்கள். அங்கே வேலை என்பது பெண் பெயரில் பேசி வெளிநாட்டுக்காரர்களிடம் ஆன்லைனில் பணம் பறிப்பது. டார்கெட் முடிக்காத நாளில் கரண்ட் ஷாக். எப்படியோ மீண்டு வந்தான், ஆனால் ஏஜென்ட் மேல் புகார் கொடுக்க மாட்டேன் என்றான். எழுதி வைத்த புகாரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டு, கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ஃபிராடு வேலை பார்த்தவன்னு ஊர்ல பேர் வந்துரும் சார், அக்காவுக்கு வரன் பாக்குறாங்க." அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதே ஏஜென்ட் அதற்குப் பிறகும் ஆள் அனுப்பினான் என்று வேறொரு குடும்பம் வந்தபோது தெரிந்தது. அந்தப் பையனை இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று அடிக்கடி நினைப்பேன்.

பெண்களின் நிலைமை இதைவிட மோசம். வீட்டு வேலைக்கு வளைகுடா போய் வந்த பெண் அங்கே பட்டினி கிடந்தாளா, அடி வாங்கினாளா என்று ஊர் கேட்பதில்லை, வேறு மாதிரிப் பேசுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது நிறையாமல் வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது என்பதையும், அரசு நிறுவனங்கள் மூலமாகப் போவதே பாதுகாப்பு என்பதையும், தமிழ்நாட்டில் 1978 முதலே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படித்து அமெரிக்கா போனவர்களும் இதற்கு விலக்கு இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளும் பெற்றோரிடம் வழக்கம்போல வீடியோ காலில் சிரித்துப் பேசியவரை எனக்குத் தெரியும். இங்கே அப்பா அவர் பெயரில் பிளாட்டுக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருந்தார், அதைத் திரும்ப வாங்கத்தான் என்னிடம் வந்தார்கள்.

சரி, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? முதலில் கேள்வியை மாற்றுங்கள். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்றுதான் பதில் வரும். இந்த மாதம் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, அக்கவுண்ட்டிலா கையிலா, இக்காமா எப்போது முடிகிறது, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று நம் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது, அதை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு மாதம் தொடர்ந்து சம்பளம் வரவில்லை என்றால் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் புகாரும், நம் வெளியுறவுத் துறையின் 'மதாத்' என்ற இணையப் புகார்த் தளத்தில் ஒரு பதிவும் உடனே போடுங்கள். தூதரகங்களில் இந்திய சமுதாய நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. சிக்கிக்கொண்டவர் தங்க, ஊர் திரும்ப, வழியில்லாத குடும்பத்துக்கு உடலைக் கொண்டுவர, எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. கேட்பதில் எந்த அவமானமும் இல்லை.

அப்புறம், கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கம், பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து மனைவி போனிலும் இன்னொருவர் போனிலும் வையுங்கள். அங்கே போய் இக்காமா கையில் வந்ததும் அதையும். அரபியில் இருந்தாலும் பரவாயில்லை. யாராவது இறந்துபோய், குடும்பத்தினரிடம் பாஸ்போர்ட் எண்கூட இல்லாமல், உடல் அங்கே குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட காத்திருப்பு என்று.

மஞ்சப்பை அம்மாவின் கணவர் ஏழு மாதம் கழித்துத் தூதரக உதவியோடு வந்து சேர்ந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை, என் அலுவலகத்துக்கு வந்தார், தோளில் ஒரே ஒரு பை. பகலில் தெருவுக்குள் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு மேல் மச்சான் பைக்கில் வந்து கூட்டிப்போனார். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் யாரோ "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "லீவு இல்லைங்க, சம்பளம் குடுக்காம ஏமாத்திட்டாங்க, வந்துட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவர் போனில் கணவரின் இக்காமா படம் இருந்தது. முடிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, மனு எழுதத் தாளை எடுத்தேன்.