தேரியில் மலைச் சைக்கிள்: தடம் நடுத்தரம், வெயில் நடுத்தரமில்லை

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கு மலைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் மயங்கி விழுந்தவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கும்போது, கூட வந்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “கஷ்டமான பாதையெல்லாம் இல்ல டாக்டர், நடுத்தரம்தான்.”

மலைச் சைக்கிள் தடங்களில் பச்சை வட்டம் போட்டிருந்தால் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஏற்றம், பாதையின் அகலம், கிடக்கிற கல், பள்ளம் இவற்றைப் பார்த்துக் கொடுக்கும் தரம் அது. வெயிலுக்கு அதில் இடமில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் மேடுகள் ஒன்றும் மலை போல் இல்லை. ஆனால் சக்கரம் மணலில் புதையப் புதைய, தார்ச்சாலையில் மிதிப்பதைப் போலப் பல மடங்கு மிதிக்க வேண்டியிருக்கிறது. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறும். வேகமும் இல்லாததால் முகத்தில் காற்றும் அடிப்பதில்லை. வெளியே வெயில், கீழே சூடேறிய செம்மணல், உள்ளே தசையின் சூடு. மூன்றும் சேர்ந்துவிடுகின்றன.

ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கூடுதல் கவலை. காற்று இருக்கிறதே என்று தைரியமாகப் போகிறார்கள். அந்த வறண்ட காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். எவ்வளவு தண்ணீர் உடம்பை விட்டுப் போயிருக்கிறது என்பது தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் முக்கியமானது ஒன்று: சூடு மூளையைத் தொட்டுவிட்டால், தன் நிலைமை தனக்கே தெரியாது. சரளமாகப் பேசிக்கொண்டு வந்தவன் பேச்சைக் குறைப்பான். நேரான பாதையில் சைக்கிள் அலையும். காரணமில்லாமல் எரிந்து விழுவான். கேட்டால், “ஒண்ணுமில்லல, நீ போ, நான் பின்னால வாரேன்” என்பான். அவனை அங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்றைக்கு என்ன கிழமை, எந்த வழியாக வந்தோம் என்று கேளுங்கள். பதில் குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அதுதான் பெயர். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் நனைந்தே இருக்கலாம்.

108-ஐ அழையுங்கள். ஆனால் வண்டி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பனையின் நிழல் ஓர் ஆளுக்குக் காணாது. பக்கத்தில் கொல்லாமரம் (முந்திரி மரம்) இருந்தால் அதன் அடிக்குக் கொண்டுபோங்கள். ஹெல்மெட்டையும் சட்டையையும் கழற்றி, இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். பக்கத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால், தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அதில் இறக்கி உட்கார வையுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். அந்த நேரத்து நிமிடங்கள்தான் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும். புத்தி தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்குக் கேட்காது. வீடு திரும்பிய பிறகு சிறுநீர் காப்பித் தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறி அது.

தண்ணீர் விஷயத்தில் என் கணக்கு எளிமையானது. கொண்டுபோனதில் பாதி தீர்ந்ததும், எங்கே நின்றாலும், திரும்பிவிட வேண்டும். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கிளம்புமுன் உப்புப் போட்ட நீராகாரம் குடித்துவிட்டுப் போவதும் நல்லதுதான். புதிதாக வெயிலில் ஓட்டத் தொடங்குகிறவர்களுக்கு உடம்பு பழகவே 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை விடியற்காலையில் கொஞ்ச தூரம் போதும்.

நெருஞ்சியும் உடைமுள்ளும் ட்யூபைப் பதம் பார்க்கும். பஞ்சர் ஒட்டத் தெரியாமல் போனால் உச்சி வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும். தேரியில் காப்புக்காடும் உண்டு, அங்கே வனத்துறை அனுமதி வேண்டும்.

அப்புறம், விழுவது. இறுகிய தரையிலிருந்து பொலபொலவென்ற மணலுக்குள் இறங்கும் இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் புதைந்து ஆளைத் தூக்கி எறியும். பாரத்தைப் பின்னால் தள்ளி, ஹேண்டில்பாரை இறுக்காமல், மிதித்துக்கொண்டே கடக்க வேண்டும். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். “மணல்தானே, சுளுக்கு” என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பிடிப்புத் தளர்ந்த கையோடு வருகிறவர்கள் உண்டு. கட்டைவிரலை மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? உள்ளே இருக்கும் ஸ்காஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு அது, கவனிக்காவிட்டால் கூடாமலே போய்விடும். முதல் எக்ஸ்ரேயில் உடைப்புத் தெரியாமலும் இருக்கலாம். அதனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றதும் கட்டைப் பிரித்துவிடாதீர்கள். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தவறாமல் வாருங்கள். அதுவரை கட்டு இருக்கட்டும், யாரும் உருவ வேண்டாம்.