ரா மென்பொருள் பழையதாவது எப்படி?

2015 ஏப்ரலில் வெளிவந்த, ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருளான அடோபி லைட்ரூம் 6 இன்றும் பலருடைய கணினிகளில் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை பணம் கொடுத்து வாங்கி, காலவரையறையின்றிப் பயன்படுத்தக்கூடிய உரிமத்துடன் வந்த கடைசி லைட்ரூம் அதுதான். 2017 டிசம்பரில் வந்த 6.14 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அதற்குப் பிந்தையவை சந்தா கட்டுவோருக்கு மட்டுமே. கையிலிருப்பது குறையின்றி வேலை செய்துகொண்டிருக்கும்போது மாறத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு எழுவது இயல்பு. புதிய பதிப்பின் வசதிப் பட்டியலைப் படித்து இதற்கு விடை காண முடியாது என்பது என் கருத்து. கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பிலிருந்து படம் எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பகுதி பழையதாகிறது, எது ஆகவில்லை என்பது தானே விளங்கும்.

கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. அதிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அளக்கிறது. நிறத்தைப் பிரித்தறிவதற்காக ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டி பதிக்கப்பட்டிருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், நான்கு பிக்சல்கள் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் இருக்கும். ஆக, 2.4 கோடி பிக்சல்கள் கொண்ட ஒரு கேமராவில் 1.2 கோடிப் பிக்சல்கள் பச்சையையும், 60 லட்சம் சிவப்பையும், 60 லட்சம் நீலத்தையும் அளக்கின்றன. ரா கோப்பு என்பது பெரும்பாலும் இந்த எண்களின் தொகுப்பே.

திரையில் காணும் படத்திலோ ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்களின் மதிப்பும் தேவை, அதாவது 7.2 கோடி எண்கள். அவற்றில் உண்மையாக அளக்கப்பட்டவை 2.4 கோடி மட்டுமே. மீதி 4.8 கோடி எண்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. நாம் படம் என்று நம்பிப் பார்ப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கீட்டின் விளைவு என்பது, ரா மென்பொருளைப் பற்றிப் பேசும்போது ஒரு கணமும் மறக்கக் கூடாத செய்தி. எடுத்த அன்று பதிந்த எண்கள் எத்தனை ஆண்டானாலும் மாறுவதில்லை; ஊகிக்கும் திறன் மாறிக்கொண்டே இருக்கிறது. பத்தாண்டுக்கு முன் எடுத்த ரா கோப்பிலிருந்து அன்று கிடைத்ததைவிட நல்ல படம் இன்று கிடைக்கக் காரணம் இதுதான்.

ஃபூஜிஃபில்ம் 2012இல் வெளியிட்ட எக்ஸ்-புரோ 1 கேமரா இதற்கு நல்ல சான்று. அதில் பேயர் அமைப்புக்குப் பதிலாக, ஆறுக்கு ஆறு என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் எக்ஸ்-டிரான்ஸ் என்ற வேறு அமைப்பு இருந்தது. அந்தக் கோப்புகளில் இலைகளையும் புல்லையும் கூர்மையாக்கினால், பழைய லைட்ரூம் பதிப்புகளில் புழு நெளிந்தது போன்ற கோலங்கள் தோன்றுவதாகப் பலர் முறையிட்டனர். 2019இல் லைட்ரூமில் சேர்க்கப்பட்ட, நரம்பியல் வலையமைப்பைக் (ஏராளமான படங்களைப் பார்த்துப் பயின்ற கணிப்பு முறை) கொண்டு நிறங்களை ஊகிக்கும் வசதி இக்குறையைப் பெருமளவு தணித்தது.

எனினும், நல்ல வெளிச்சத்தில் பேயர் சென்சாரால் எடுத்த படங்களில் பழைய ஊகத்துக்கும் புதிய ஊகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். உண்மையான இடைவெளி மங்கிய வெளிச்சத்தில்தான் தெரிகிறது. ஒளி ஃபோட்டான்களாக, மழைத்துளிகள் போல ஒழுங்கின்றி வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழுமானால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. 100 ஃபோட்டான்களே விழுமானால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. இதுவே இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சலின் முதன்மைக் காரணம். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் முதலில் விடுபட்ட நிறங்களை ஊகித்துவிட்டு, அதன்பின் இரைச்சலை நீக்கின. இந்த வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒரு பிக்சலில் இருந்த பிழை ஊகத்தின் வழியாகப் பக்கத்துப் பிக்சல்களுக்கும் பரவி, புள்ளியாக இருந்தது திட்டாகிவிடுகிறது, பிறகு அதைத் துடைக்க முயன்றால் தலைமுடி, துணியின் இழை போன்ற நுண்விவரங்களும் சேர்ந்து அழிகின்றன. ரா மென்பொருள் தயாரிக்கும் டிஎக்ஸ்ஓ நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய டீப்பிரைம் என்ற வசதி, நிற ஊகத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் ஒரே நரம்பியல் வலையமைப்பில் சேர்த்துச் செய்தது. 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கும் நரம்பியல் வலையமைப்பு வழி இரைச்சல் நீக்கம் வந்தது. கோயில் மண்டபத்திலும் திருமண மேடையிலும் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படங்களை வைத்திருப்பவர்களுக்கு, புதிய பதிப்புக்கு மாறுவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று துணிந்து சொல்வேன். ஆனால் வலையமைப்பும் ஊகிக்கவே செய்கிறது. தொலைவிலுள்ள முகத்திலோ சிறிய எழுத்துகளிலோ, இல்லாத விவரத்தை அது இருப்பதுபோல வரைந்துவிடக்கூடும். ஆவணமாகப் பயன்படும் படங்களில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், மென்பொருளின் விலையோடு கணினியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

புதிய கேமரா வாங்குவது மாற்றத்தைக் கட்டாயமாக்குவதுபோலத் தோன்றும் இன்னொரு சூழல். ஒவ்வொரு கேமரா மாதிரிக்கும் அதன் வடிகட்டிகள் நிறத்தைப் பிரிக்கும் விதம் சற்றே வேறுபடுவதால், அந்த எண்களை உலகப் பொதுவான நிற அளவைக்கு மாற்றும் அட்டவணையை மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். கோப்பின் கட்டமைப்பும் மாறுவதுண்டு. கேனன் 2018இல் இஓஎஸ் எம்50 கேமராவோடு சிஆர்2 வடிவத்தை விட்டுச் சிஆர்3 வடிவத்துக்கு மாறியது; அதற்கு முன்பே வளர்ச்சி நின்றுபோன லைட்ரூம் 6 அக்கோப்புகளைத் திறக்காது. ஆனால் இதற்காக மட்டும் சந்தா கட்டத் தேவையில்லை. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டர் புதிய கேமராக்களின் கோப்பை, 2004இல் அந்நிறுவனம் வெளியிட்ட டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தரும். நிற அட்டவணையும் அதனுள்ளேயே வைக்கப்படுவதால் பழைய லைட்ரூம் அதைத் திறந்துகொள்ளும். கூடுதலாக ஒரு படி வேலை, கொஞ்சம் வட்டு இடம், அவ்வளவே.

இயங்குதளம் கைவிடுவது மூன்றாவது சூழல். ஆப்பிளின் ரா மென்பொருளான அபெர்ச்சர் 2005இல் வந்தது. அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக 2014இல் ஆப்பிள் அறிவித்தது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் அது இயங்கவில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தம் படங்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளாதவர்கள், பழைய கணினியைப் பாதுகாத்து வைத்திருக்கும் நிலைக்கு ஆளானார்கள்.

அவர்கள் இழந்தது படங்களை அன்று; அவற்றின்மேல் செய்த வேலையை. ரா மென்பொருள் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு தூக்கு என்ற குறிப்புகளை மட்டும் தனியாக எழுதி வைக்கிறது. ஒரே சுரக்குறிப்பை வெவ்வேறு பாணியில் பயின்ற இருவர் பாடினால் கமகம் மாறுவதுபோல, ஒரே குறிப்பை வேறொரு மென்பொருள் வேறு விதமாகவே செய்துகாட்டும். நட்சத்திர மதிப்பீடும் குறிச்சொற்களும் பெரும்பாலும் புதிய இடத்துக்கு வந்துசேரும். ஒளி, நிறத் திருத்தங்கள் அப்படியே வருவதில்லை. ஒரே மென்பொருளுக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. 2012இல் லைட்ரூம் 4 வந்தபோது ஸ்லைடர்களின் பொருளே மாறியது. ஃபில் லைட், ரெக்கவரி ஆகியவை போய் ஷேடோஸ், ஹைலைட்ஸ் வந்தன. பழைய படங்களின் தோற்றம் கெடாதிருக்க, அடோபி பழைய கணக்கீட்டு முறைகளையும் உள்ளேயே வைத்து, பயனர் கேட்டால் மட்டுமே புதியதற்கு மாற்றுகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடு இது.

சந்தாவுக்குத் தயங்குவோருக்கு டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், இரண்டும் தொடர்ந்து வளர்கின்றன. கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் செலவிட வேண்டும். சந்தாவை இடையில் நிறுத்தினால் என்னவாகும் என்ற அச்சம் நியாயமானது. சந்தாவில் கிடைக்கும் கணினிப் பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் அப்போதும் படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும், திருத்தும் பகுதி பூட்டப்படும்.

முடிவெடுக்கும் முன், உங்கள் தொகுப்பிலேயே மிக மோசமாக வந்த பத்து ரா கோப்புகளைத் தேர்ந்தெடுங்கள்: இருட்டில் எடுத்தவை, வானம் வெளுத்தவை, பழைய மென்பொருளில் எவ்வளவு முயன்றும் சரிப்படாதவை. புதிய மென்பொருளின் இலவசச் சோதனைக் காலத்தில் அவற்றை மட்டும் திருத்தி, நீங்கள் வழக்கமாக அச்சிடும் அளவிலேயே இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாப் புதுமையும் பெரிதாகவே தெரியும். படங்களின் பட்டியலையும் திருத்தக் குறிப்புகளையும் லைட்ரூம் சேர்த்து வைக்கும் கோப்பான கேட்டலாகின் ஒரு நகலை முன்கூட்டியே வேறு வட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். புதிய பதிப்பு ஒருமுறை மாற்றியமைத்த கேட்டலாகைப் பழைய லைட்ரூமால் திறக்க முடியாது.