தக்காளிச் சிவப்பு ஏன் டப்பாவை விட்டுப் போவதில்லை?

எண்ணெய் விட்டு வதக்கிய தக்காளியை ஒரு நாள் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிட்டுக் கழுவிப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் ஆரஞ்சுக் கறை மிஞ்சும். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இது லைகோபீன் செய்கிற வேலை. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் இந்த நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பிளாஸ்டிக்கும் தண்ணீரை ஒதுக்கி எண்ணெயோடு ஒட்டுகிற ரகம்தான். அதனால் எண்ணெயோடு வந்த நிறமி அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.

இதே குணம்தான் நம் குடலுக்குச் சிக்கல். தக்காளியில் 94 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். லைகோபீனோ செல்களுக்குள் நுண்ணிய படிகங்களாக அடைந்து கிடக்கிறது. பச்சையாகச் சாப்பிட்டால் (காயைச் சொல்லவில்லை, சமைக்காத பழத்தை) எவ்வளவு மென்றாலும் எல்லாச் செல்களும் உடைவதில்லை. பாதி நிறமி உடலில் சேராமலே வெளியேறிவிடும் என்றாலும் ஆச்சரியமில்லை.

சூடு பட்டால் செல்சுவர் தளர்கிறது. குச்சி போல நீண்டிருக்கும் லைகோபீன் மூலக்கூறுகளில் சில வளைகின்றன. வளைந்தவை படிகமாக அடுக்கிக்கொள்ளாது என்பதால் உடல் அவற்றைச் சுலபமாக உறிஞ்சும். கூடவே கொஞ்சம் எண்ணெய் இருந்தால், பித்தநீர் அதைச் சிறு துளிகளாக்கி நிறமியையும் ஏற்றிச் செல்லும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கிப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், பிரித்தெடுக்க முடிந்த லைகோபீன் சுமார் 2.7 மடங்கானது. புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை, அடைந்து கிடந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான். வைட்டமின் சி மட்டும் 15 சதவீதம் குறைந்தது. அதை ஈடுகட்டச் சமைக்காத துண்டு இரண்டையும் கூடச் சாப்பிடலாம்.

தக்காளி புற்றுநோயைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ப்ராஸ்டேட் புற்றுநோய் பற்றிய ஆதாரங்களை 2005இல் அலசிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தக்காளிக்கு மிகச் சொற்பமான ஆதாரமே இருப்பதாகச் சொன்னது. லைகோபீன் மாத்திரைக்கு அதுகூட இல்லை. காசைப் பழத்துக்கே செலவழிக்கலாம்.

அடுப்படியில் தக்காளிக்கு வேறொரு முகம் உண்டு: புளிப்பு. காய்கறிச் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் சீக்கிரம் கரையாது. உருளைக்கிழங்கோ பயறோ முக்கால் பதம் வேகும் முன் தக்காளியைக் கொட்டினால், அரை மணி நேரம் கொதித்த பிறகும் நடுவில் கடிபடும்.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பையும் வழித்துக் கொட்டாதீர்கள். நாக்கில் நிறைவான ருசியைத் தரும் குளூட்டாமேட், சதையைவிட அங்கேதான் அதிகம். பழுத்த பழத்தைக் குளிர்பெட்டியில் பல நாள் வைப்பதும் வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசனைப் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுசாகத் திரும்புவதில்லை.